நாற்காலியின் விலை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு மதுரையில் ஒரு பெரிய ஹோட்டலுக்கு பிரன்ச் சாப்பிடப் போனேன். அடுத்த வாரம் ஒரு புத்தக விமர்சனக் கூட்டம். முடிந்து வெளியே டீக்கடையில் நின்றபோது பேச்சுவாக்கில் இதைச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். "பிரன்ச்சா?" என்று ஒரு கவிஞர் சிரித்தார். "கறி தோசையும் அயிரை மீன் குழம்பும் இருக்குற ஊர்ல, பஃபேல பாஸ்தா திங்க ஆயிரக்கணக்குல குடுக்குறீங்களேம்மா" என்றார் சிறுகதை எழுதும் அண்ணன். இன்னொருவர் ஒரு படி மேலே போய், இது நடுத்தர வர்க்கத்தின் காலனிய ஏக்கம் என்று முடித்துவைத்தார். கடை வாசலில் இருந்த எங்கள் எட்டுப் பேரில் பெண் நான் ஒருத்திதான். அங்கே கிடந்த ஒரே பெஞ்சில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான்கு பேரும் ஆண்கள். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இப்போது வருகிறது, எழுதுகிறேன்.

அவர்கள் சொன்னதை நியாயமாகவே எடுத்துக்கொள்கிறேன். குற்றச்சாட்டுகள் மூன்று. ஒன்று, பிரன்ச் இறக்குமதிச் சரக்கு. இரண்டு, மதுரைக்கு அது தேவையே இல்லை, இங்கே சாப்பாட்டுக்கு என்ன குறை? மூன்று, அது காசுள்ளவர்கள் விளையாட்டு. மூன்றிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைப் பேச ஆளில்லை என்பதுதான் என் கோபம்.

இறக்குமதிதான். அந்தச் சொல்லுக்காக முதலில் வாதாடியவர் என்று பெயர் பெற்றவர் கை பெரிங்கர் என்ற ஆங்கிலேயர். ஆண்டு 1895. சனி இரவு நெடுநேரம் விழித்திருந்தவன் ஞாயிறு காலை அடித்துப்பிடித்து எழ வேண்டாம், நண்பகலை ஒட்டி ஒரே சாப்பாடாக முடித்துக்கொள்ளட்டும் என்பது அவர் எழுதிய கட்டுரையின் வேண்டுகோள். அதே 1895ல்தான் பெரியாறு அணை திறக்கப்பட்டு மதுரைச் சமவெளிக்குத் தண்ணீர் வந்தது. மேலூர்ப் பக்கம் அந்தத் தண்ணீரில் நெல் விளைந்தது. அந்த வயல்களில் நடவு நட்ட பெண்கள் பெரிங்கரைப் படித்துவிட்டுப் பத்து மணிக் கஞ்சி குடிக்கவில்லை. விடியும் முன்னால் வயலில் இறங்கி, வெயில் ஏறிய பிறகு வரப்பில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தால் பழைய சோறு, நீச்சத்தண்ணி, கடித்துக்கொள்ள ஒரு வெங்காயமோ மோர் மிளகாயோ. காலைக்கும் மதியத்துக்கும் சேர்த்து அதுதான். கல்யாணத்துக்கு முன்னால் எங்கம்மா அப்படிச் சாப்பிட்டவள். ரெண்டு வேளையை ஒரு வேளையாக்குவது எப்படி என்று இந்த மண்ணுக்கு வெள்ளைக்காரன் கற்றுத்தர வேண்டியதில்லை. பெரிங்கர் கேட்டது ஓய்வுக்காக. இங்கே அது பஞ்சத்துக்காக, வேலைக்காக. வித்தியாசம் அங்கேதான்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஹோட்டல் பெயர் வேண்டாம். ஆளுக்கு 1299 ரூபாய். அறை வாடகை 7500 ரூபாயைத் தாண்டும் ஹோட்டல் என்பதால் சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். சாதாரண மெஸ்ஸில் 5 சதவீதம். இரண்டு பேருக்கு மொத்தம் 3066 ரூபாய். என் சம்பளத்தில் இது சின்னத் தொகை இல்லை. மூன்று மாதம் யோசித்துத்தான் போனேன்.

அம்மா பீரோவில் இருந்து எடுத்த சேலை கட்டியிருந்தாள். வாசலில் கதவைத் திறந்துவிட்ட தம்பி வணக்கம் சொன்னதும் அவளும் பதிலுக்குக் கையெடுத்துக் கும்பிட்டாள். உள்ளே வரிசையாகக் கவுண்டர்கள். ஒரு மூலையில் தென்னங்கீற்று கட்டி, மண்சட்டி வைத்து, 'பழைய சோறு' என்று பலகை மாட்டியிருந்தார்கள். சுற்றிலும் சின்ன வெங்காயம், மாவடு, சுண்டவத்தல், கருவாட்டுத் தொக்கு. அம்மா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

"ஏத்தா, இதுக்குமா காசு?"

"எல்லாத்துக்கும் சேத்துத்தாம்மா."

"அப்ப இது மட்டும் வேணாம். இத நான் நெறையத் தின்னாச்சு."

பாஸ்தாவில் ஒரு வாய் வைத்துவிட்டு "உப்பில்ல" என்று ஒதுக்கினாள். தர்பூசணி ஜூஸ் மூன்று தடவை. கேரமல் புட்டிங் ரொம்பப் பிடித்துப்போனது. ஆனால் அவள் அன்று திரும்பத் திரும்பக் கேட்டது சாப்பாட்டைப் பற்றி இல்லை. "எந்திரிக்கச் சொல்ல மாட்டாங்களா?" மூன்று தடவை கேட்டாள். தட்டு காலியான பிறகு ஒரு தடவை. பக்கத்து மேசைக்குப் புதிதாக ஆட்கள் வந்தபோது ஒரு தடவை. சர்வர் தம்பி தண்ணீர் ஊற்ற வந்தபோது குரலைத் தாழ்த்தி இன்னொரு தடவை. யாரும் எந்திரிக்கச் சொல்லவில்லை. இரண்டு மணி பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தோம். அந்த நேரத்தில், இருபத்தெட்டு வருடமாக வீட்டில் சொல்லாத ஒரு விஷயத்தை அம்மா என்னிடம் சொன்னாள். அது அவள் விஷயம், இங்கே எழுத மாட்டேன். வீட்டில் அதைச் சொல்ல அவளுக்கு நேரமே வாய்த்ததில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன்.

இப்போது இரண்டாவது குற்றச்சாட்டு. மதுரையில் சாப்பாட்டுக்கு என்ன குறை? ஒன்றும் இல்லை. குறை உட்காருவதில்.

எந்த நல்ல மெஸ்ஸுக்கும் ஞாயிறு மதியம் ஒரு மணிக்குப் போய்ப் பாருங்கள். நீங்கள் ரசத்துக்கு வரும் முன்னால் உங்கள் நாற்காலியின் முதுகில் ஒரு கை விழுந்துவிடும். அடுத்து உட்காரப் போகிறவரின் கை. உங்கள் தலைக்கு மேலே நின்றுகொண்டு நீங்கள் மோர் ஊற்றிக்கொள்வதைப் பார்ப்பார். இலையை மடிக்கும்போதே துடைக்கிற துணி வந்துவிடும். இதில் கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு நாற்காலியில் ஒரு மதியத்தில் பத்துப் பேர் உட்கார்ந்து எழுந்தால்தான் அந்த விலைக்கு அந்த வெஞ்சனம் கட்டுபடியாகும். வேகம்தான் அந்த விலையின் ரகசியம். ஆனால் அந்த வேகத்தில் ஆம்பளைகள் பழகிய மாதிரி எங்களால் பழக முடியவில்லை. கைக்குழந்தையோடு வருகிறவளுக்கு, சேலையை ஒதுக்கி உட்காரவே நேரம் எடுக்கிற வயசானவளுக்கு, பின்னால் ஒரு ஆம்பளை மூச்சு விடும் தூரத்தில் நிற்கும்போது சோறு இறங்குமா? அதற்குத்தான் 'பேமிலி ரூம்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். பல இடங்களில் அது கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், காற்றாடி சரியாக ஓடாத, ஜன்னல் இல்லாத அறை. குடும்பத்தோடு வந்தால்தான் பேமிலி. தனியாகப் போனால் எங்கே உட்காரச் சொல்வது என்று சர்வருக்கே குழப்பம்.

மதுரையின் இரவைப் பற்றி எழுதாத எழுத்தாளர் உண்டா? தூங்கா நகரம், இரவு ஒரு மணிக்குப் புரோட்டா, கல்லில் கொத்துகிற சத்தம், பருத்திப்பால். மதுரைக்காஞ்சி நாளங்காடியையும் அல்லங்காடியையும் பாடியது என்று மேடைதோறும் சொல்வோம். சரி, அதே பாட்டில் இன்னொன்றும் இருக்கிறது. வயது முதிர்ந்த பெண்கள் தின்பண்டமும் பூவும் ஏந்தி வீடு வீடாக அலைகிறார்கள். இன்றைக்கும் அப்படித்தான். நடைபாதையில் இட்லிச் சட்டி வைத்து விற்பவள் ஆயா. சுற்றி நின்று சாப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். சாப்பாட்டைச் சுமக்க, சமைக்க, விற்க இந்த ஊரின் இரவில் பெண்ணுக்கு இடம் இருக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு இரண்டு தோழிகள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கதை பேசிக்கொண்டே புரோட்டா தின்ற காட்சியை நம் ஊர்க் கதைகளில் எத்தனை தடவை படித்திருக்கிறீர்கள்? தூங்காத ஊர்தான். விழித்திருக்க அனுமதிச் சீட்டு யார் கையில் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

உட்காருவது சின்ன விஷயம் என்று சொல்கிறவர்களுக்கு நம்முடைய வரலாறே தெரியாது. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்களும் நாடார்களும் நுழைந்தது 1939 ஜூலையில். கோயில் கதவு திறந்த பிறகும், தென்னிந்திய ரயில்வே நிலையங்களின் உணவு விடுதிகளில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்ற ஏற்பாடு 1941 வரை நீடித்தது. சாமியிடம் போவதைவிடச் சாப்பாட்டு மேசையில் சேர்ந்து உட்காருவது கடினமாக இருந்திருக்கிறது. 1957ல் சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு ஓட்டலின் பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து கைதானார்கள். ஒரு சொல்லுக்காக ஜெயிலுக்குப் போனார்களே என்று சிரிக்கலாம். யார் எங்கே உட்காரலாம் என்பதை அந்தச் சொல்தான் தீர்மானித்தது.

மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் இரட்டைக் குவளை என்பது பாடப்புத்தகச் சொல் இல்லை. "எங்கூரு டீக்கடை பெஞ்சுல எங்கய்யா உக்காந்து நான் பாத்ததில்ல" என்று அன்று அந்த ஹோட்டலில்தான் அம்மா சொன்னாள். தாத்தா குத்தவைத்துக் குடிப்பார். அல்லது தள்ளி நின்று குடிப்பார். கிளாஸை அவரே கழுவி வைப்பார். அந்த மனுசனுடைய மகள்தான் "எந்திரிக்கச் சொல்ல மாட்டாங்களா" என்று கேட்டவள். எங்களைத் தெரிந்தவர் யாரும் இல்லாத ஒரு அறையில், என்ன சாதி, யார் வீட்டுப் பிள்ளை, ஏன் புருசன் வரவில்லை என்று கேட்க ஆள் இல்லாத ஒரு மேசையில், காசு ஒன்றை மட்டும் கேட்டார்கள். கொடுத்தோம், உட்கார்ந்தோம். இதைக் காலனிய ஏக்கம் என்று சொன்ன அண்ணனுக்கு ஊர் டீக்கடை பெஞ்சு பரம்பரைச் சொத்து. அதனால் அந்தப் பெஞ்சு அவருக்கு ஜனநாயகமாகத் தெரிகிறது.

மெதுவாக உட்கார்ந்து சாப்பிடும் ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குப் புதுசும் இல்லை. பசுமலையில் தாஜ் குழுமம் நடத்தும் ஹோட்டலின் பழைய பங்களா நூற்பாலைக் கம்பெனியின் வெள்ளைக்கார அதிகாரிகளுக்காகக் கட்டியது. கோச்சடையில் இன்று ஹெரிட்டேஜ் ஹோட்டலாக இருப்பது, 1970களில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா அதே நூற்பாலை அதிகாரிகளின் கிளப்பாக வடிவமைத்த இடம். சங்கு ஊதினால் ஓடிப்போய் நூல் இழுத்த ஜனத்துக்கு வெளியே, மதிலுக்கு உள்ளே, சாவகாசம் அப்போதும் இருந்தது. இன்று அந்தச் சாவகாசத்தைத் தலைக்கு இவ்வளவு என்று விற்கிறார்கள். விற்பது அசிங்கமாகத் தெரியலாம். விற்காத காலத்தில் எங்களுக்கு அது கிடைத்ததா?

அடுத்தது வீடு. வீட்டைப் பேசாமல் பிரன்ச்சைப் பேசவே கூடாது. மதுரையில் ஞாயிற்றுக்கிழமை என்றால் என்ன? அப்பா காலை ஆறரைக்குக் கறிக்கடை வரிசையில் நிற்பார். அதோடு அவர் வேலை முடிந்தது, அதையும் ஊரே மெச்சும். காலைக்கு இட்லி, குடல் குழம்பு. குடல் கழுவி எடுக்கவே ஒரு மணி நேரம். மதியத்துக்கு மட்டன் குழம்பு, சுக்கா, ரசம். பாத்திரம் தேய்த்து நிமிரும்போது மணி நான்கு. வாரத்தில் எல்லாருக்கும் லீவு நாள், அம்மாவுக்கு மட்டும் டபுள் டூட்டி. 2019ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவழிக்கிறாள். ஆண் 97 நிமிடம். அதிலும் வீட்டு வேலையில் கை வைக்கிற ஆண்கள் நூற்றுக்கு 26 பேர்தான், பெண்கள் 81 பேர். பெரிங்கர் தன் ஓய்வுக்காகக் கேட்டது வேறு ஒரு அர்த்தத்தில் எங்கள் வீட்டுக்குப் பொருந்துகிறது. ஞாயிறு காலைச் சமையலையும் மதியச் சமையலையும் ஒன்றாக்கினால் ஒரு பெண்ணுக்கு மூன்று மணி நேரம் மிச்சம். பண்பாட்டுச் சீரழிவு என்று நீங்கள் சொல்கிற அந்த ஒற்றைச் சாப்பாடு, அடுப்படியில் நிற்பவளுக்கு ஒரு தொழிலாளர் கோரிக்கை.

மூன்றாவது குற்றச்சாட்டுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. ஒப்புக்கொள்ளப் போகிறேன். ஆமாம், அது காசுள்ளவர்களின் இடம். 2014ல் சென்னையில் வேட்டி கட்டிப்போன உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனையே ஒரு கிரிக்கெட் கிளப் உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டசபையில் சட்டம் வந்தது. வேட்டிக்குச் சட்டம் போடலாம். செருப்பைப் பார்த்து எடைபோடும் பார்வைக்கு என்ன சட்டம் போடுவது? 3066 ரூபாய் இல்லாத அம்மாக்கள் எங்கே உட்காருவார்கள்? எங்களுக்குத் தண்ணீர் ஊற்றிய தம்பி உசிலம்பட்டிப் பக்கம். காலை ஆறு மணியில் இருந்து நிற்கிறான். எத்தனை மணிக்குச் சாப்பிடுவாய் என்று அம்மா கேட்டாள். "கூட்டம் முடிஞ்சு நாலு மணிக்கு, பின்னாடி நின்னுக்கிட்டே" என்றான். எங்கள் இரண்டு மணி நேர உட்காருதல் அவன் காலில் நின்றது. இதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரை அந்த ஹோட்டலுக்கு விளம்பரமாகிவிடும்.

எனவே என் சண்டை பிரன்ச்சுக்காக இல்லை. உட்காருதலைச் சந்தைக்கு விட்டுவிட்டு, காசு கொடுத்து அதை வாங்குகிற பெண்ணைக் கேலி செய்கிறீர்களே, அதற்காக. அம்மா உணவகத்தை நினைத்துப் பாருங்கள். 2013ல் சென்னையில் ஆரம்பித்து மதுரைக்கும் வந்தது. ஒரு ரூபாய்க்கு இட்லி, ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதம். சமைப்பவர்கள் பெண்கள். உலகமே வந்து பார்த்துப் பாராட்டிய திட்டம், நானும் பாராட்டுகிறேன். ஆனால் சாப்பிடுகிறவர்களுக்கு உயரமான மேசை. நின்று தின்ன வேண்டும். ஏழைக்குச் சோறு போட நினைத்த அரசுக்கு நாற்காலி போடத் தோன்றவில்லை.

தோன்றினால் செய்ய முடியும் என்பதற்கும் இதே ஊரில் சாட்சி இருக்கிறது. 2023 ஜூலை 15 அன்று புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள், எத்தனை பெண்பிள்ளைகள் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று. பரீட்சைக்குப் படிக்கிறவள் இருப்பாள், சும்மா உட்கார வந்தவளும் இருப்பாள். கட்டணம் இல்லை, எந்திரிக்கச் சொல்ல ஆள் இல்லை. படிப்புக்குக் கிடைத்தது சாப்பாட்டுக்கும் பேச்சுக்கும் ஏன் கிடைக்கக் கூடாது?

நான் கேட்பது பெரிதில்லை. அம்மா உணவகத்தில் நாற்காலி போடட்டும். மெஸ்காரர்கள் கூட்டம் வடிந்த பிறகு, சாயங்கால வியாபாரம் தொடங்கும் வரை, சாப்பிட்டவர்கள் உட்கார்ந்து பேசலாம் என்று ஒரு பலகை மாட்டட்டும். பேமிலி ரூமை ஜன்னல் பக்கம் மாற்றட்டும். தனியாக வருகிறவளுக்கும் அங்கே இலை போடட்டும். ஹோட்டல்கள் தங்கள் சர்வர்கள் உட்கார்ந்து சாப்பிட அரை மணி நேரம் விடட்டும். வீட்டில் ஞாயிறன்று ஒரே ஒரு சமையல் போதும், அதையும் கறி வாங்கி வருகிறவரே செய்யட்டும். இதெல்லாம் நடந்துவிட்டால் 1299 ரூபாய் பிரன்ச் தானாகப் படுத்துவிடும். அதைத் தோற்கடிக்க உங்கள் கிண்டல் போதாது.

எங்கம்மா மாறிவிட்டாள் என்று கதை விட மாட்டேன். அடுத்த ஞாயிறும் காலை ஏழு மணிக்குக் குடல் கழுவிக்கொண்டுதான் இருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். "அந்தத் தம்பி சாப்ட்ருப்பானா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த புத்தகக் கூட்டம் இரண்டாவது சனிக்கிழமை. வழக்கம்போல முடிந்ததும் டீக்கடைக்குப் போவோம். இந்தத் தடவை அம்மாவையும் கூட்டி வருகிறேன். அண்ணன்களே, நீங்களும் உங்கள் அம்மாக்களைக் கூட்டி வாருங்கள். மதுரையின் சாப்பாட்டுப் பெருமையை விடிய விடியப் பேசுவோம். அதற்கு முன்னால், அவர்களை எங்கே உட்கார வைக்கப் போகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.